ஆறு ஐஸ்கிரீம் ஸ்பூன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஸ்டூடியோ வைத்திருப்பவள் இல்லை. எனக்கு இருப்பது மந்தைவெளிப் பக்கம் ஹவுசிங் போர்டு பிளாக்கில், மூன்றாவது மாடியில், ஒரு கூடம், ஒரு சமையலறை, நாலு துணி காயப்போடுகிற அளவுக்கு ஒரு பால்கனி. இங்கே நான் சொல்லப்போகிற படம் அந்தக் கூடத்தில் தையல் மிஷினின் மேல் வைத்து எடுத்தது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது. கூச்சப்பட வேண்டியவர்கள் வேறு சிலர், அவர்களிடம் பிறகு வருகிறேன்.

எனக்கு வேலை தி.நகரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்னால் நின்று ஃபிரேம் காட்டுகிற வேலை இல்லை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸை அளவாகத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் மேஜையில் ஒரு பெட்டி உண்டு. மேலே ஒரு கறுப்புத் தகடு, கீழே ஒரு கறுப்புத் தகடு, அடியில் விளக்கு. பொருத்தி முடித்த கண்ணாடியை அந்த இரண்டு தகட்டுக்கும் நடுவில் நீட்டினால், லென்ஸ் எங்கே அதிகமாக இறுக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். ரொம்ப இறுக்கியிருந்தால் நிறம்கூட வரும். அப்போது ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் கொஞ்ச நாளில் ஓரத்தில் விரிசல் விட்டுவிடும். வெறும் கண்ணால் பார்த்தால் அதெல்லாம் தெரியவே தெரியாது.

ஒருநாள் மதியம் கடையில் யாருக்கோ பிறந்த நாள், எல்லாருக்கும் கப் ஐஸ்கிரீம். சாப்பிட்டு முடித்து, கையிலிருந்த ஸ்பூனை, என்ன தோன்றியதோ, கழுவித் துடைத்து அந்தப் பெட்டிக்குள் நீட்டினேன். அடி ஆத்தே! கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருந்த ஸ்பூன், காம்பு முதல் நுனி வரை ரோஜா, பச்சை, நீலம், ஆரஞ்சு என்று வரிவரியாக எரிந்தது. கத்திவிட்டேன். என்னமோ கையை வெட்டிக்கொண்டேன் என்று முன்னாலிருந்து ஓடி வந்தார்கள். காட்டினேன். "ஏய் சூப்பரு" என்று சொல்லிவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

விஷயம் பெரிய ரகசியமில்லை. சாதாரண வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வரும். கீழே இருக்கிற தகடு அதில் ஒரு வாக்கில் ஆடுவதை மட்டும் மேலே விடும். மேலே இருக்கிற தகடு குறுக்காக நிற்பதால் அதையும் அடைத்துவிடும், ஆகவே பார்த்தால் இருட்டு. நடுவில் ஒரு ஸ்பூன் வந்துவிட்டால், அதை அச்சில் ஊற்றி அழுத்தியபோது உள்ளே தங்கிப்போன இறுக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிடும். அப்படித் திரும்பிய வெளிச்சம் நிறமாகத் தப்பித்து வெளியே வருகிறது. ஸ்பூன் ஒவ்வொன்றும் தன்னை எங்கே பிடித்து அழுத்தினார்கள் என்பதை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிறவர். அடையாறில் ஒரு ஆபீஸில் ஏசி கழற்றப் போனவர், அங்கே தூக்கிப் போட்ட ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பேட்டரி செத்தது, கீபோர்டில் ஒரு எழுத்தும் விழாது, பிளக்கில் சொருகினால் மட்டும் திரை வரும். லேப்டாப் திரையின் முன்னால் நம் கடைத் தகடு மாதிரியே ஒன்று ஏற்கெனவே ஒட்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். கூலிங் கிளாஸ் சோதிக்க நாங்கள் அதன் வழியாகக் கம்ப்யூட்டர் திரையைத்தான் பார்ப்போம். ஆக, ஒரு தகடு கிடைத்தாயிற்று. இரண்டாவது, கேமரா லென்ஸின் முன்னால் திருகிப் போடுகிற ஃபில்டர். கேமரா ரிச்சி தெருவில் வாங்கிய பழசு, எனக்கு முன்னால் யாரோ அதைக் கீழே போட்டு ஒரு மூலை நசுங்கியிருந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் என்பது வேறு மாதிரி ஆனது. ஜன்னலுக்குக் கம்பளி மாட்டிவிடுவேன். தையல் மிஷினின் மேல் லேப்டாப், திரையில் ஒரு எழுத்தும் இல்லாத வெள்ளைப் பக்கம், கீபோர்டின் மேல் கறுப்பு வெல்வெட் ரவிக்கைத் துணி, அதன்மேல் அன்றைய பொருள். ஃபேன் போடக்கூடாது, பிளாஸ்டிக் லேசாக ஆடினாலும் படம் கலங்கிவிடும். மே மாதத்து மெட்ராஸில், ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஃபேன் இல்லாமல்.

"இன்னாமே இது, வாரத்துல ஒரு நாளு மன்சன் வூட்ல கீறான். அன்னிக்குப் பாத்து ஃபேனை ஆஃப் பண்ணிக்கினு ஸ்பூனுக்குச் சீமந்தம் பண்ணிக்கினுகீற" என்பார் அவர்.

"யோவ், மூச்சு வுடாத. ஸ்பூனு ஆடுது."

"மூச்சும் வுடக் கூடாதா? நல்லா கீது கதை!"

ஆனால் விடமாட்டார். நான் ஷட்டரை அழுத்துகிற நேரம் கன்னத்தை உப்பிக்கொண்டு நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதற்காகவே அவரை மன்னித்துவிடுவேன்.

எத்தனை பொருள் வைத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. டானிக் பாட்டிலோடு வருகிற அளவுக் கப், ஜியாமெட்ரி பாக்ஸ் கோணமானி, பழைய கேசட் டப்பா, ஸ்வீட் பாக்ஸ் மூடி. கண்ணாடி டம்ளர் பத்து பைசாவுக்குப் பிரயோஜனமில்லை, மக்காக நின்றது. பால் நிறத்துப் பிளாஸ்டிக்கும் அப்படியே. மடக்கினால் பட்டென்று ஒடிகிறதே, அந்த மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்தான் அள்ளிக் கொடுக்கும். ஸ்பூனைத் தேய்த்துக் கழுவினால் கீறல் விழும், விட்டுவிட்டால் விரல் ரேகை விழும், கடையில் லென்ஸ் துடைக்கிற துணியால் மெதுவாக ஒற்றி எடுக்க வேண்டும். ஃபில்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் ஒரு இடத்தில் திரை சட்டென்று அணைந்துபோகும். லேப்டாப் எரிந்துகொண்டுதான் இருக்கும், கேமராவுக்கு மட்டும் மையிருட்டு. அந்த இருட்டில் பொருள் தனியாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு மயிர்க்கூச்செறியும். எத்தனை வருஷம் செய்தாலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

நான் எடுத்ததிலேயே நல்ல படத்துக்கு ஒரே அச்சில் வார்த்த ஸ்பூன் ஆறு வேண்டியிருந்தது. வடபழனியில் என் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தி முடிந்து எல்லாரும் ஐஸ்கிரீம் கப்பைப் போடுகிற இடத்தில் நின்றுகொண்டு, ஸ்பூனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினேன். பட்டுப்புடவையோடு. சம்பந்தி வீட்டம்மா ஒருத்தி என்னையே பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஆறையும் மெல்லிய பிளாஸ்டிக் டம்ளரில் நிறுத்தி எடுத்ததுதான் அந்தப் படம். ஒரே அச்சு, ஆனால் ஒவ்வொரு ஸ்பூனும் ஒரு கோணத்தில் சாய்ந்திருந்ததால் ஆறுக்கும் ஆறு நிறம். டம்ளரின் அடியில் வட்ட வட்டமாக மயில்கழுத்து நீலம். பேர் வைக்கச் சொன்னார்கள், 'ஆறு ஸ்பூன்' என்று வைத்தேன். வேறென்ன வைப்பது, அது ஆறு ஸ்பூன்தானே.

பேர் வைக்கச் சொன்னது மயிலாப்பூரில் இருக்கிற ஒரு போட்டோ சங்கம். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் சொல்லி நான் அதில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பெரிய பெரிய லென்ஸ், பெரிய பெரிய பயணம். நான் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். செயலாளர், பெரிய உத்தியோகத்திலிருந்து ரிட்டயரானவர். ஒருநாள் காலையில் எங்களையெல்லாம் பெசன்ட் நகர் பீச்சுக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினார். தன் கூலிங் கிளாஸைக் கழற்றிக் காட்டி, "இது போலரைஸ்டு. சாதாரணக் கண்ணாடி வெளிச்சத்தைக் குறைக்கும், இது தண்ணி மேல இருக்கிற கண்கூச்சத்தையே எடுத்துடும். வித்தியாசம் தெரிஞ்சுக்கணும்" என்றார். தினம் பத்துப் பேருக்கு அதே கண்ணாடியைப் பொருத்திக் கொடுக்கிறவள் நான். பெரிய மனுஷர் ஆசையாகச் சொல்கிறார் என்று தலையாட்டினேன்.

சங்கம் வருஷா வருஷம் ஒரு கண்காட்சி வைக்கும். படத்தோடு ஒரு படிவம் கொடுக்க வேண்டும். படத்தின் பெயர், எடுத்தவர் பெயர், எடுத்த இடம். மற்றவர்கள் அந்த மூன்றாவது கோட்டில் லடாக், கபினி, ஆப்பிரிக்கா என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். நான் 'என் வீடு' என்று எழுதினேன். செயலாளர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"வீடுன்னு போட்டா நல்லாருக்காதும்மா. ஸ்டூடியோன்னு போட்டுக்கறேன்."

"ஸ்டூடியோ இல்ல சார், வீடுதான்."

"அது ஒரு மரியாதைக்கு" என்று சொல்லிக்கொண்டே என் எழுத்தை அடித்துவிட்டு எழுதினார்.

எனக்கு அது சுருக்கென்றது. ஏன் என்று சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது அடையாற்றின் ஓரம். அங்கே எங்கள் சுவரில் ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். என் அப்பா எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்புன்னு போட்டுகீறான். வூடுன்னு எங்கியுமே போடலியே" என்றார். சண்டைகூடப் போடவில்லை, அதை மட்டும்தான் கேட்டார். அப்புறம் வீட்டை இடித்துவிட்டு, அங்கே இருந்தவர்களையெல்லாம் தூக்கி ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் போட்டார்கள். நான் அதற்குள் கல்யாணம் ஆகி மந்தைவெளி வந்துவிட்டிருந்தேன். அன்றிலிருந்து ஏதாவது காகிதத்தில் வீடு என்று எழுத இடம் இருந்தால், நான் கொஞ்சம் அழுத்தித்தான் எழுதுவேன். அதை ஒருத்தர் பேனாவால் அடித்தால் சும்மா இருக்க முடியுமா? ஆனால் அன்று சும்மாதான் இருந்தேன், படம் தேர்வானால் போதும் என்று.

தேர்வானது. கடையில் எல்லாருக்கும் சொன்னேன், பிளாக்கில் எல்லாருக்கும் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஏசி மாட்டுகிற இடத்தில் எல்லாம் போனில் படத்தைக் காட்டி, "நம்ம வூட்டாண்ட எடுத்தது சார்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் எழுதினார். 'ஆறு ஸ்பூன்' படம் ஏஐ வைத்து உருவாக்கியதாகக் கமிட்டிக்குச் சந்தேகம் எழுந்திருப்பதால் நீக்கப்படுகிறது, உறுப்பினர்கள் உண்மையான புகைப்படங்களை மட்டும் அனுப்பவும். கீழே பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். நான் அப்போது கடையில் ஒரு குழந்தையின் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்து போன் போட்டேன்.

"சார், அது நான் எடுத்த படம் சார்."

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பேக்கிரவுண்டு அவ்வளவு கறுப்பு, அவ்வளவு கலரு. இதெல்லாம் கேமராவுல வராது. ரா ஃபைல் இருக்கா? கேமராவுலேர்ந்து அப்படியே வர்றது, யாரும் மாத்தாதது."

"ஜேபெக் இருக்கு சார். என் கார்டு சின்னது, ரா போடுறதில்ல."

"ஜேபெக்கை யார் வேணா தயார் பண்ணலாமே. அப்புறம்..." கொஞ்சம் இழுத்தார். "ஸ்டூடியோ எங்க இருக்குன்னு ஒருத்தர் கேட்டார். உங்க வீடு அந்த போர்டு பிளாக்குல இல்ல? அங்கேருந்து இப்படி ஒரு லைட்டிங்... நம்பறது கொஞ்சம் கஷ்டமா இருக்கு, நீங்களே சொல்லுங்க."

ஸ்டூடியோ என்று எழுதினது அவர். இப்போது ஸ்டூடியோ எங்கே என்ற கேள்வியைக் கொண்டுவருகிறதும் அவர். ஏமாற்றுக்காரி என்று ஊருக்கே சொல்லியாயிற்று, காரணம் என் வீடு.

"ஞாயித்துக்கெயமை கமிட்டி கூடுதில்ல சார்? நான் வரேன். உங்க கண்ணு முன்னால காட்டுறேன்" என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வுட்டுத் தள்ளுமே. அவங்க ஒரு ஆளுன்னு..." என்று ஆரம்பித்தார்.

"வுட்டுத் தள்ள மாட்டேன். எம் பேரு கெட்டுப்போயி கீது. நீ வர்றியா, நான் ஒண்டியா போவட்டா?"

"வரேன், வரேன். கோவத்துல ஸ்பூனை ஒடிச்சிடாத."

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போனோம். லஸ் பக்கம் ஒரு மாடி அறையில் கூட்டம். செயலாளர், இன்னும் நாலு ஆண்கள், எழுபது வயசு இருக்கிற ஒரு மாமி. அந்த மாமி பறவைப் படம் எடுக்கிறவர், அதிகம் பேச மாட்டார். நான் லேப்டாப்பைப் பிரித்ததுமே ஒருத்தர் சிரித்தார்.

"ஏஐ இல்லன்னு காட்ட கம்ப்யூட்டரையே கொண்டு வந்துட்டாங்க!"

"இதுல கீபோர்டே வேலை செய்யாது சார். உங்க பேரைக்கூட இதுல அடிக்க முடியாது" என்றேன். மாமி மட்டும் சிரித்தார்.

வெள்ளைப் பக்கத்தைப் போட்டேன். வெல்வெட் துணி, டம்ளர், ஆறு ஸ்பூன். கேமராவில் காட்டினால் அதற்குள்ளும் ஏதோ இருக்கிறது என்பார்கள் என்று யோசித்து, லென்ஸிலிருந்து ஃபில்டரை மட்டும் கழற்றிக் கொண்டு வந்திருந்தேன். அவர்கள் கண்ணாலேயே பார்க்கட்டும். அதன் பின்பக்கம், லென்ஸில் திருகுகிற மரை இருக்கிற விளிம்பு, கொஞ்சம் கூராக இருக்கும். செயலாளர் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று அதைத் திரைப் பக்கம் பார்க்கவைத்து, வழவழப்பான பக்கம் அவர் கண்ணுக்கு வருகிற மாதிரி கொடுத்தேன். ஏமாற்றுக்காரி என்று சொன்ன ஆளின் கண்ணுக்கு அவ்வளவு கரிசனம்!

"கண்ணு கிட்ட வெச்சுக்கினு மெதுவா சுத்துங்க சார். ஒரு இடத்துல திரை கறுப்பாயிடும்."

சுற்றினார். ஒரு முழுச் சுற்று, இன்னொரு முழுச் சுற்று.

"ஒண்ணும் ஆகலையேம்மா."

"இன்னொரு தபா பாருங்க சார்."

பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவரும் அதைப் பிடித்த வாக்கிலேயே சுற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நான் வாங்கி அதே மாதிரி பிடித்துப் பார்த்தேன். திரை லேசாக மஞ்சள் தட்டியது, திரும்ப வெளுத்தது. அவ்வளவுதான். ஆறு ஸ்பூனும் குப்பைத்தொட்டியில் கிடந்த அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே நின்றது. போன ஞாயிற்றுக்கிழமைகூட இதே ஃபில்டரில் வந்ததே? எங்கள் கடைத் தகடு எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றுதான். இதுவும் அப்படித்தான் என்ற நினைப்பு இருபது வருஷமாக என் கையில் ஊறியிருந்தது. திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"டெமோவுக்கு ஏஐ வரலை போல" என்றார் முதலில் சிரித்தவர்.

செயலாளர் நாற்காலியை நகர்த்தினார். "சரிம்மா, முயற்சி பண்ணீங்க. பரவாயில்ல. நாங்க அடுத்த விஷயத்துக்குப் போறோம்."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் கம்பளியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னை விட அவர்தான் அவமானப்பட்டு நின்றார். அந்த முகம் மட்டும் இல்லாவிட்டால் நான் அழுதுகொண்டே இறங்கிப் போயிருப்பேன். அப்போதுதான் மேஜையில், காகிதத்துக்கு மேல், செயலாளரின் கூலிங் கிளாஸ் கிடந்ததைப் பார்த்தேன்.

"சார், உங்க கண்ணாடியைப் போடுங்க."

"எதுக்கு?"

"அன்னிக்கு பீச்சுல சொன்னீங்களே, போலரைஸ்டுன்னு. போட்டுக்கினு இத்தப் பாருங்க."

"ரூமுக்குள்ள கூலிங் கிளாஸா? விளையாடறீங்களா?"

நான் கையை நீட்டி மேஜையைத் தட்டினேன். எனக்கே எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியவில்லை. "பதினைஞ்சு பேர் பாக்க என்னைப் பொய்க்காரின்னு எழுதினீங்க. ஒரு நிமிசம் ஒரு கண்ணாடி போட முடியாதா?"

மாமிதான் பேசினார். "போட்டுண்டுதான் பாருங்கோளேன். கண்ணையா குத்திடப் போறது?"

போட்டுக்கொண்டார். திரையைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல" என்றார், உடனே.

"தலையைச் சாயுங்க சார். வலப்பக்கம்."

சாய்த்தார். "இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு."

"அப்போ இடப்பக்கம். இன்னும். இன்னும் சாயுங்க. காது தோளுக்கு வரட்டும்."

ரிட்டயரான அவ்வளவு பெரிய அதிகாரி, அறைக்குள் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, கழுத்து சுளுக்கியவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"இன்னா சார் தெரியுது?" என்றேன்.

கண்ணாடியைக் கழற்றி வெறும் கண்ணால் திரையைப் பார்த்தார். திரும்பவும் போட்டுக்கொண்டு சாய்ந்தார்.

"சொல்லுங்க சார். எல்லாரும் கேக்கட்டும்."

"கறுப்பா... திரை அணைஞ்சுபோச்சு" என்றார். "ஸ்பூன் மட்டும்... அந்தப் படமேதான்."

அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடி கைமாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொருத்தராகத் தலையைச் சாய்ப்பதும், "அய்யோ!" என்பதும், இன்னொரு தடவை என்பதும். ஏஐ வரலை என்று சிரித்தவர் தன் பேனா மூடியை, மாத்திரை டப்பாவை எல்லாம் எடுத்துவந்து திரை முன்னால் நீட்டிப் பார்த்தார். மாமி இதற்குள் என் ஃபில்டரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இந்தப் பக்கமா பாத்தா இதுலயும் தெரியறதே" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். மரை என் கண்ணுக்கு வருகிற மாதிரிப் பிடித்தபோது திரை அணைந்தது, ஸ்பூன் எரிந்தது. லென்ஸில் திருகினால் அது எப்போதும் சரியான பக்கம்தான் நிற்கும். ஆகவே இந்த ஃபில்டர் ஒரு பக்கம்தான் வேலை செய்யும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பே வந்ததில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் கம்பளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தார்.

செயலாளர் எழுந்து வந்தார். தன்மையாகத்தான் பேசினார். "படத்தை மறுபடி சேர்த்துடறோம்மா. கீழே ஒரு சின்னக் குறிப்பு போட்டுடலாம், ஏஐ இல்லை, கமிட்டி சரிபார்த்ததுன்னு. உங்களுக்குத்தான் நல்லது."

"மத்தவங்க படத்துக்குக் கீழயும் போடுவீங்களா சார்?"

"அவங்க மேல யாரும் சந்தேகப்படலையே."

"அப்போ என் படத்துக்கும் வேணாம். சந்தேகப்பட்டது உங்க தப்பு, அது எதுக்கு என் படத்துக்குக் கீழ தொங்கணும்? எங்க எழுதினீங்களோ அங்கயே திருப்பி எழுதுங்க. வாட்ஸ்அப்புல. இப்பவே."

"வீட்டுக்குப் போய் எழுதறேன்."

"நான் உக்காந்துகீறேன் சார். அவசரமில்ல."

உட்கார்ந்தேன். கடைசி நாற்காலியில் இல்லை, அவருக்கு எதிரில். அவர் ஒரு விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். என் பையில் போன் அடிக்கிற வரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை. எடுத்துப் படித்தேன். அந்தப் படம் உண்மையான புகைப்படம், கமிட்டி தவறாகச் சந்தேகித்தது, வருந்துகிறோம் என்று இருந்தது. போதும்.

"இன்னும் ஒண்ணு சார்" என்றேன். "அந்தப் படிவத்தைக் கொடுங்க."

கோப்பில் தேடி எடுத்துக் கொடுத்தார். அவர் பேனாவையே வாங்கி, அவர் எழுதியிருந்த ஸ்டூடியோவை ஒரே கோட்டில் அடித்தேன். பக்கத்தில் எழுதினேன். அழுத்தித்தான் எழுதினேன், அடிக் காகிதத்திலும் பதிந்திருக்கும்.

கண்காட்சியில் என் படம் இரண்டாவது அறையில், ஒரு சிறுத்தைக்கும் ஒரு பனிமலைக்கும் நடுவில் மாட்டியிருந்தது. பெரும்பாக்கத்திலிருந்து அப்பாவைக் கூட்டிவந்திருந்தேன். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பில் படத்தைச் சும்மா ஒரு பார்வைதான் பார்த்தார். ஸ்பூன் அவருக்கு ஒன்றும் பெரிதாகப் படவில்லை. அப்புறம் குனிந்து, கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, கீழே இருந்த அட்டையில் விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

"எடுத்த... இடம்..." என்று நிறுத்தி, என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மீதியையும் படித்தார்.

"என் வீடு."